கரி பஸ்ஸும் டென்னிஸ் கையும்

“தன் தலைமுடியத் தானே அள்ளி முடிய முடியலை. இவ பந்தடிக்கப் போறாளாம், பந்து!”

என் பின்னலை இழுத்து முடிந்துகொண்டே அத்தை இதைச் சொன்னாள். அப்பாவின் அக்கா அவள். கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது உண்மை. என் வலது முழங்கை பாதி மடங்கிய நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. அதற்கு மேல் மடங்காது, நீட்டினால் நீளாது. சோற்றை அள்ளினால் கை பாதி வழியில் நின்றுவிடும். மீதி வழிக்கு நான்தான் குனிந்து வாயைக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான், மாசி மாதம் திருச்சிப் பெண்களோடு நடக்கும் டென்னிஸ் ஆட்டத்தில் நானும் ஆடுவேன் என்று அன்று காலையில் வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தேன்.

அப்பாவுக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்த பிறகு நாங்கள் புதுக்கோட்டைக்குக் குடிவந்தோம். அதற்கு முன்னால் அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வானம் பார்த்த காடு, கடலை, கேழ்வரகு, அவ்வளவுதான். அப்பா வழியிலும் ஆத்தா வழியிலும் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், யுத்த காலத்தில், நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன உத்தியோகத்தில் இருந்த ஆண்பிள்ளைகள்கூட எங்கள் உறவில் கிடையாது என்றிருக்கும்போது, நான் இங்கிலீஷில் நிறுத்தாமல் பேசுவேன். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சமில்லை. இப்போதும் அது குறைந்துவிடவில்லை.

டென்னிஸும் பள்ளிக்கூடம் தந்ததுதான். எங்கள் பள்ளிக்குப் பின்னால், செம்புறாங்கல் சுவருக்குள், ஒரு செம்மண் கோர்ட் இருந்தது. சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் சாயங்காலம் ஆடுவார்கள். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த டிரில் டீச்சர் ஒருநாள் எங்கள் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பந்து அடிக்கச் சொன்னார். என் பந்து சுவரைத் தாண்டிப் புளியந்தோப்பில் போய் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை அடி. இப்ப உள்ள விழணும்” என்றார்.

உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து நானும் சாயங்காலம் ஆடத் தொடங்கினேன். இரண்டு வருஷத்தில் தாசில்தார் மகளுக்கு நான் ஜோடி. அவள் வலைக்கு முன்னால், நான் பின்னால். என் சர்வுக்கு எதிரே நிற்க யாருக்கும் பிடிக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகவும்தான்.

பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதத்திலேயே கை உடைந்தது. தலைக்கு மேல் போன பந்தைத் துரத்திப் பின்னாலேயே ஓடினேன். பாவாடைக் கரை குதிகாலில் மாட்டியது. விழும்போது முழங்கை முதலில் தரையில் மோதியது. ஜோடிக்காரி ஓடிவந்து, “பந்து கோட்டுக்கு வெளியிலதான்டி விழுந்துச்சு, நமக்குத்தான் பாயின்ட்” என்றாள். வலியில் அழுதுகொண்டிருந்த எனக்கு அது ஏதோ ஆறுதலாகத்தான் இருந்தது.

விராலிமலைப் பக்கம் எலும்பு கட்டுகிற ஒருவரிடம் அப்பா பஸ்ஸிலேயே அழைத்துப் போனார். அவர் தடவிப் பார்த்து எலும்பைச் சேர்த்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஆடி பிறந்து சில நாளில் வந்து பிரித்துக்கொள்ளச் சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. எலும்பு நன்றாகவே கூடியது.

குறுக்கே வந்தது ஆடி மாதம். கட்டுப் பிரிக்கும்போது சாமிக்குத் தேங்காய் உடைத்துத்தான் பிரிப்பார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு நல்ல காரியத்தை ஆடியில் செய்வதா என்று அத்தை கேட்டாள். ஆத்தாவும் சேர்ந்துகொண்டாள். “கட்டு இன்னும் கொஞ்சநாக் கூட இருந்தா நல்லதுதானே, கெட்டியாக் கூடும்ல” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆடி முழுதும் கட்டு இருந்தது. ஆவணி பிறந்ததும் பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறையில் ஒரு நல்ல நாளில் தேங்காய் உடைத்துப் பிரித்தோம். கட்டு வந்தது, பத்தை வந்தது. கை மட்டும் கட்டுப் போட்ட வாக்கிலேயே நின்றது.

பதறிப்போய் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். நான் கத்தினேன்.

“எலும்பு எப்பவோ கூடியாச்சு. இவ்வளவு நாள் ஏன் கட்டிப் போட்டிருந்தீங்க?”

“ஆடி வந்துருச்சுங்கம்மா” என்றாள் ஆத்தா.

“ஆடிக்கும் முழங்கைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

ஆத்தாவுக்குப் பதில் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்திருந்தது. “ஒங்களுக்கு இல்லாம இருக்கலாம். எங்களுக்கு இருக்குங்க” என்றாள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் விட்டு, தினமும் கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். வலிக்கும், விடாதே என்றார். முழுவதும் நீளுமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் கவலை எனக்கு மட்டும்தான் தெரியும். மாசியில் திருச்சி ஆட்டம். பங்குனியில் பரீட்சை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பள்ளிக்கூடம் முடிந்தால் கோர்ட் இல்லை, மட்டை இல்லை, மட்டை பள்ளிக்கூடத்துடையது. எங்கள் தெருவில் டென்னிஸ் ஆட முடியுமா? மாசியில் ஆடினால் ஆடினேன். ஆடாவிட்டால் ஆனியில் விழுந்து அழுததுதான் நான் ஆடிய கடைசி ஆட்டம். அதை என்னால் தாங்க முடியாது.

எண்ணெய் தேய்த்தேன். வெந்நீர் விட்டேன். அம்மி அரைத்தேன், வாளி தூக்கினேன். புரட்டாசி பிறந்தும் கை அசையவில்லை. காரணம் எளிது. வலிக்கத் தொடங்கியதும் நானே நிறுத்திவிடுவேன். அத்தை பின்னலை முடிந்துகொண்டே அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

பிறகு ஒருநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு டிரம் மாட்டி, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி மூட்டி, அதிலிருந்து வரும் கேஸில் வண்டியை ஓட்டினார்கள். கரி பஸ் என்போம். கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே டிரம்முக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்க வேண்டும். உள்ளே ஒரு காற்றாடி சுற்றிக் கரியை ஊதிக் கனியவைக்கும். கேஸ் வந்தால்தான் இஞ்சின் பிடிக்கும். அது கிளீனர் வேலை. எங்கள் கிளீனர் அந்த வாரம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பொட்டலில் நின்ற வண்டியை அப்பா ஒருவராகவே மூட்டிக்கொண்டிருந்தார்.

“தாயி, நான் மேல ஏறிக் கரி தட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் இதைச் சுத்து. நிறுத்திறாத, அணைஞ்சுரும்.”

இடது கையால் சுற்றினேன். சீக்கிரமே கை ஓய்ந்துவிட்டது. அப்பா மேலே நின்று கம்பியால் கரியைக் குத்திக்கொண்டிருந்தார். நிறுத்தினால் அணைந்துவிடும் என்ற பயத்தில் வலது கையை மாற்றினேன். கைப்பிடி மேலே போனது. என் கையும் போனது. கீழே வந்தது, இழுத்துக்கொண்டு வந்தது. உயிர் போகிற வலி. ஆனால் இதை நான் எப்படி நிறுத்துவேன்? சக்கரம் ஏற்கெனவே வேகம் எடுத்திருந்தது. நானாக நீட்டினால் பாதியில் நின்றுவிடும் கையை, அது கேட்காமலே இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு சுற்றிலும் கீழே ஓரிடத்தில் முழங்கை கொஞ்சம், ஒரு மயிரிழை, கூடுதலாகத் திறந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“அப்பா! கை போகுதுப்பா!” என்று கத்தினேன்.

அவர் பதறிக் குதித்து இறங்கினார். “போச்சா? திரும்பியும் ஒடஞ்சு போச்சா?”

“அந்தப் போகுது இல்லப்பா. நீளுது!”

மறுநாளிலிருந்து அந்தக் கைப்பிடி என்னுடையது. வேறு கிளீனர் வந்த பிறகும் நான் விடவில்லை. அவருக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஓரமாக நின்று பீடி குடிப்பார். விடிந்ததும் வந்து காத்திருக்கும் பிரயாணிகளுக்கு நான் ஒரு வேடிக்கை.

“என்ன டிரைவரே, புதுக் கிளீனரு தாவணி போட்டுருக்கு?”

“ஆமாங்க. சம்பளம் கேக்காத கிளீனரு. சீக்கிரம் ஏறி ஒக்காருங்க, இல்லாட்டி ஒங்களையும் சுத்த விட்டுரும்.”

அத்தைக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் பிரயாணிகள் முன்னாலேயே வந்து நின்றாள். “ஏன்டா தம்பி, பொட்டப்புள்ளய மூஞ்சி பூராக் கரியா நிறுத்தியிருக்கியே, நாளைக்கு எவன்டா கட்டுவான்?”

“கரி கழுவுனாப் போயிரும்க்கா. கை மொடங்கிப் போனா அது போகாது” என்றார் அப்பா. கடைசி வார்த்தை அத்தையுடையதாக இல்லாமல் போன சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஐப்பசியில் நல்ல மழை. கோர்ட் குளமாக நின்றது. யாருமே ஆட முடியவில்லை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு மழையும் தவணை கொடுத்ததுபோல இருந்தது. மழையில் நனைந்துகொண்டே சுற்றினேன். கரி ஈரமாகிப் போன நாட்களில் இன்னும் அதிகநேரம் சுற்ற வேண்டும். அது எனக்கு லாபம்.

கை மடங்குவது முதலில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நானே மூன்று கால் பிரித்து, நானே பின்னி, நானே ரிப்பன் கட்டி, அத்தையின் முன்னால் போய் நின்றேன். அவள் சுற்றிவந்து பார்த்தாள்.

“கோணலா இருக்கு” என்றாள். பிறகு ஆத்தாவைக் கூப்பிட்டு, “ஏன்டி, இங்கிட்டு வந்து பாரு! இவ தானாப் பின்னியிருக்கா!” என்று தெரு கேட்கக் கத்தினாள்.

கார்த்திகையில் மட்டையைக் கையில் எடுத்தேன். பள்ளிச் சுவரில் பந்தை அடித்துப் பழகினேன். செம்புறாங்கல் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும்; பந்து போன வழியில் திரும்பாது. அதைத் துரத்தியதில் காலுக்குப் பழக்கம் வந்தது. பந்துகளும் யுத்தகாலப் பந்துகள். புதுப் பந்து கடைக்கு வந்தே நாளாகிவிட்டது. ரோமமெல்லாம் உதிர்ந்து வழுவழுவென்று, உரித்த பனங்கிழங்கு நிறத்தில் இருக்கும். அவற்றை வைத்துத்தான் எல்லாரும் ஆடினோம். வலப்பக்க அடி சீக்கிரம் திரும்பியது. இடப்பக்க அடி மார்கழியில் வந்தது. ஜோடிக்காரியோடு வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ஆடிய முதல் சாயங்காலம், பந்து போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது, அவளும் நானும் எதற்கென்று தெரியாமல் சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டே ஆடினோம். இருட்டிப் பந்து தெரியாமல் போனபோதுதான் நிறுத்தினோம்.

ஆனால் அவளுக்கு அப்போது வேறு ஜோடி இருந்தது. நான் படுத்துவிட்ட பிறகு ஐந்தாம் பாரத்துப் பெண் ஒருத்தியைச் சேர்த்திருந்தார்கள். நல்ல பெண், நன்றாக ஆடுவாள். அதுதான் என் தொல்லை. டீச்சரிடம் போய் என் இடத்தைக் கேட்டேன்.

“சர்வ் போடு பாப்போம்” என்றார்.

கீழாகக் கை வைத்துத் தட்டிப் போட்டேன். பந்து உள்ளே விழுந்தது.

“சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஆனா திருச்சிக்காரிங்க அதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுருவாங்க. தலைக்கு மேல தூக்கி அடி.”

தலைக்கு மேல் தூக்கினேன். கை முழுக்க நீளவில்லை. கடைசிக் கொஞ்சம் இன்னும் திறக்கவில்லை. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. மறுபடி. மறுபடி.

டீச்சர் என் தோளில் கை வைத்தார். “இரக்கப்பட்டுச் சேத்தேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. ஒன்னையே அந்தப் பேச்சு கொன்னுரும். பொங்கல் முடிஞ்சு வந்து போட்டுக் காட்டு. விழுந்தா நீ. விழலைன்னா அந்தச் சின்னப் பொண்ணு.”

அந்தப் பொங்கல் எனக்கு ருசிக்கவில்லை. தினமும் சுவருக்கு எதிரே நின்று சர்வ் போட்டேன். கை நீளவில்லை, பந்து விழவில்லை. இன்னும் சுற்றினால் நீளும் என்று காலையில் வெறிபிடித்ததுபோல் சக்கரம் சுற்றினேன். அப்பா, “போதும் தாயி, வண்டி எப்பவோ ஸ்டார்ட் ஆயிருச்சு” என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

விளங்கியது ஒரு மத்தியானத்தில். பந்தைத் தூக்கிப்போட்டேன், அடிக்கக் கை எழவில்லை, வெறுமனே நின்று பந்து மேலே போய்த் திரும்பி வருவதைப் பார்த்தேன். என் கை எட்டும் உயரத்தை அது சாவகாசமாகத் தாண்டிப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்தது வலது கை. இடது கைக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. அது இன்னும் பழைய வலது கைக்காகவே பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது! இத்தனை நாளும் அந்த உயரத்தைத் துரத்தித்தான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பந்தைத் தாழ்வாக, கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் போட்டேன். மடங்கிய கை நேராக மேலே போகாது. பக்கவாட்டில் நன்றாகப் போகும். சக்கரம் சுற்றிச் சுற்றி அந்த வட்டம் அதற்குப் பாடமாகியிருந்தது. பந்தின் பக்கத்தைச் சீவியதுபோல் மட்டை போனது. பந்து வளைந்து போய், சுவரில் பட்டு, எதிர்பாராத பக்கமாக ஓடியது. பழைய இடிமாதிரிச் சர்வ் இல்லை. இது பாம்பு.

பொங்கல் முடிந்து டீச்சர் முன்னால் போட்டேன். வழுக்கைப் பந்து தரையில் பட்டதும் எழும்பாமல் சறுக்கிக்கொண்டு ஓடியது. எதிரே நின்ற ஐந்தாம் பாரத்துப் பெண் மட்டையைத் தரையில் தட்டிவிட்டு, “டீச்சர், இது எந்திரிக்கவே மாட்டேங்குது” என்றாள்.

“எங்கடி கத்துக்கிட்ட இதை?” என்றார் டீச்சர்.

“கரி பஸ்ஸுல டீச்சர்.”

அவர் விளையாட்டாகக் காதைத் திருகினார். ஜோடிக்காரி வலையைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பெண்ணின் முகம் வாடியதை நான் பார்த்தேன். பார்த்தும், அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் ஒரு துளியும் குறையவில்லை.

மாசியில் திருச்சிப் பெண்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். வெள்ளைப் புடைவையை முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏற்றிச் செருகிக் கட்டியிருந்தார்கள். நானும் என் பாவாடையை முன்னமே மடித்துத் தைத்துக் குட்டையாக்கி வைத்திருந்தேன். பள்ளி மைதானத்துக்குள் பெண்களை மட்டும் விட்டார்கள். அப்பாவுக்கு அரிமளம் டிரிப். ஆத்தாவும் அத்தையும் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தார் சம்சாரத்துக்குப் பக்கத்தில் அத்தை வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு சிங்கிள்ஸில் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தோம். எங்கள் டபிள்ஸ்தான் தீர்ப்பு. அப்போது திருச்சி டீச்சர் ஒரு டப்பாவைத் திறந்தார். புதுப் பந்துகள்! எங்கிருந்து சேர்த்து வைத்திருந்தாரோ. ரோமம் பூத்து, ரப்பர் வாசனை அடித்தது. கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன்; என் பாம்புச் சர்வ் பழகியதெல்லாம் வழுக்கைப் பந்தில். புதுப் பந்தை நான் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதல் செட்டைச் சொல்லவே வேண்டாம். என் சர்வ் வளைந்தது, வளைந்துகொண்டே கோட்டுக்கு வெளியில் போனது. அத்தை பெஞ்சிலிருந்து தாசில்தார் சம்சாரத்திடம் கேட்டது எனக்கே கேட்டது.

“ஏம்மா, மொத பந்துக்குப் பதினஞ்சுன்னாங்க. ரெண்டாவதுக்கும் பதினஞ்சு. மூணாவதுக்கு மட்டும் பத்துங்குறாங்களே, மிச்சத்த யாரு தின்னா?”

டென்னிஸ் கணக்கு பதினைந்து, முப்பது, நாற்பது என்றுதான் ஏறும்; சிரிப்பு என்னை அறியாமல் வந்தது. சிரித்ததில் தோள் இளகியது. இளகியதும் யோசனை ஓடியது. புதுப் பந்தின் ரோமம் மட்டையின் நரம்பைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் இவ்வளவு வளைவு. அப்படியானால் ஓரத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்? நடுவைப் பார்த்து அடித்தேன். பந்து நேராக எதிராளியின் மேல் போவதுபோல் போய், கடைசியில் மனசு மாறி ஓரத்துக்கு ஓடியது. அவள் இருந்த இடத்திலேயே நின்று அதை வழியனுப்பிவைத்தாள்.

“அப்படிப் போடு!” என்றாள் அத்தை. வெற்றிலை தெறித்திருக்க வேண்டும். தாசில்தார் சம்சாரம் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் செட் எங்களுக்கு. மூன்றாம் செட்டில் மைதானமே எழுந்து நின்றுவிட்டது. டியூஸ், மறுபடி டியூஸ், பெண்கள் டெஸ்க் தட்டுவதுபோல் பெஞ்சைத் தட்டுகிறார்கள், சுவருக்கு வெளியே பையன்கள் மரத்தில் ஏறி எட்டிப் பார்க்கிறார்கள், வாட்ச்மேன் விரட்டுகிறார். எனக்கு முழங்கை இருந்ததே நினைவில்லை. ஜோடிக்காரி வலையில் பாய்ந்து அடித்த ஒரு பந்துக்குத் திருச்சி டீச்சரே கை தட்டினார்.

தோற்றோம். கடைசி ஆட்டத்தில், இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில். மூன்றாம் செட்டில் என் சர்வில் ஓர் ஆட்டத்தையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை இங்கே எழுதாமல் போனால் என் கை என்னை மன்னிக்காது. வலைக்கு மேல் கை குலுக்கும்போது எதிராளி என் முழங்கையைப் பார்த்து, “இது முழுசா நீளாதா?” என்று கேட்டாள். “நீளாது” என்றேன். “ஐயோ, நீளவே வேண்டாம்” என்றாள் அவள்.

தோற்றுவிட்டு நான் குதித்ததுபோல் ஜெயித்தவர்களே குதிக்கவில்லை. திருச்சி டீச்சர் புறப்படும் முன் என்னிடம் வந்து, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் கோர்ட் இரண்டு இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, மார்க் மட்டும் வாங்கிக்கொண்டு வா என்றார். மார்க் எனக்கு என்றைக்கும் பயமில்லை.

வீட்டில் அன்று சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னேன். ஆத்தா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “அந்த ஒசரமான திருச்சிக்காரி இருக்காளே, வலையோரமா நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தா, அவ அந்தக் காலேசுலதான் படிக்கப் போறாளாம். இவ போகாட்டி அவள யாரு கேக்குறது?” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

பரீட்சையில் தேறினேன். கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுவதும் டபிள்ஸ் மட்டும் ஆடினேன். பக்கத்தில் ஒருத்தி இருந்தால் தலைக்கு மேல் போகும் பந்துகளை அவள் பார்த்துக்கொள்வாள். என் கையின் எட்டாத கடைசிக் கொஞ்சத்தை மறைக்க அது வசதி. யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வசதி உறுத்தத் தொடங்கியது.

கல்லூரிப் போட்டிக்குப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த சீனியர் அக்கா சென்ற வாரம் என்னைப் பார்த்ததும், “டபிள்ஸ்தானே? யாரு ஜோடி?” என்றார்.

“ஜோடி இல்லைக்கா. சிங்கிள்ஸ்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “முழுக் கோர்ட்டையும் நீயே ஓடணும்டீ.”

“தெரியும்க்கா. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார். முதல் ஆட்டம் நாளைக் காலை. இன்று அதே நேரத்துக்கு நான் தனியாகக் கோர்ட்டுக்குப் போய், இரண்டு கோடியிலும் நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மேற்குக் கோடியில் வெயில் கண்ணில் அடிக்கிறது. கிழக்குக் கோடியில் பந்து தெளிவாகத் தெரிகிறது. டாஸ் கிடைத்தால் கிழக்குப் பக்கம் கேட்பேன். கிடைக்காவிட்டால் எப்படிப் போடுவதென்று மேற்கிலேயே நின்று ஒரு கூடைப் பந்து அடித்துப் பார்த்தாயிற்று. மட்டையின் நரம்பைப் புதிதாக இறுக்கி வாங்கியிருக்கிறேன். தட்டினால் மணிபோலச் சத்தம் வருகிறது.